மல்லி விதையில் ஒரு மங்கு

பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரரிடம் இருந்த பேச்சையெல்லாம் வாரிக்கொண்டு போனபோது, ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போனது. மங்கு.

எங்கள் பேராக் பக்கத்தில் கஞ்சி குடிக்கிற கிண்ணத்துக்கும் மங்கு என்றுதான் பெயர். ரப்பர் மரத்தில் பால் வடிந்து சேர மாட்டி வைப்பார்களே, அந்தப் பீங்கான் குவளைக்கும் மங்கு என்றுதான் பெயர். இவருக்கோ எல்லாமே மங்கு ஆகிவிட்டது. தாகம் எடுத்தாலும் மங்கு, கொசு கடித்தாலும் மங்கு. ஆஸ்பத்திரியிலிருந்து ஈப்போ வீட்டுக்கு வந்த புதிதில் நான் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுபோய் நீட்டினேன். பூப்போட்டது, பூப்போடாதது, கோயிலில் கொடுத்த எவர்சில்வர் என்று ஒன்று விடவில்லை. இடது கையால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, என் முகத்தையே பார்த்து மறுபடியும், "மங்கு," என்பார்.

"மங்கு சனி புடிச்சது ஒங்களுக்கா எனக்கான்னே தெரியலையே சாமி!" என்று கத்துவேன். அதற்குச் சிரிப்பார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் சிரிப்பு பழைய சிரிப்புதான். அதைப் பார்த்தால் கத்தின வாயும் தானாக மூடிக்கொள்ளும்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் யார் யாரிடமோ விசாரித்துவிட்டுப் போனில் சொன்னாள். "ம்மா, இந்த மாதிரி வந்தவங்கள்ல சில பேருக்கு ஒரே சொல்லு வாயில மாட்டிக்கும். அது சும்மா வர்ற சத்தம் லா. அதுக்கு அர்த்தம் தேடித் தேடி நீங்க ஒடஞ்சி போவாதீங்க."

அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கே எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்த மனிதர் இருக்கிறாரா? இல்லை, காலி வீட்டில் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்கிற மாதிரி அது சும்மா அடித்துக்கொள்கிறதா? நடக்க முடியாவிட்டால் தாங்கிப் பிடிக்கலாம். சாப்பிட முடியாவிட்டால் ஊட்டலாம். ஆள் உள்ளே இல்லையென்றால் நான் யாரோடு சண்டை போடுவது?

கைக்கு வேலை கொடுங்கள் என்று, ஆஸ்பத்திரியில் இவருக்குக் கைகால் பயிற்சி சொல்லித்தருகிற பெண் சொன்னாள். அப்போதுதான் ரயில் மேசை ஞாபகத்துக்கு வந்தது. இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது மகள் ஒரு குட்டி ரயில் வாங்கிக் கொடுத்திருந்தாள். விரல் நீளத்தில் ஒரு எஞ்சின், நாலு பெட்டி, சட்டையில் தைக்கிற பொத்தான் உயரத்தில் கொஞ்சம் பிளாஸ்டிக் மனிதர்கள். இவருக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். செமோர் டவுனில் கம்பிச் சடக்கு ஓரத்தில் வளர்ந்தவர். தண்டவாளத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முன்கூடத்தில் ஒரு பெரிய பிளைவுட் பலகையைக் கால் அடித்து நிறுத்தி, வளைத்துத் தண்டவாளம் பூட்டி, ஒரு குட்டி ஸ்டேஷனும் வைத்துவிட்டார். மண், மலை, மரம் எல்லாம் போடுவதற்குள் விழுந்துவிட்டார். மொட்டைப் பலகையில் தண்டவாளம் மட்டும் தூசி படிந்து கிடந்தது.

மிச்சத்தை நான் செய்கிறேன், நீங்கள் வேண்டும் வேண்டாம் சொன்னால் போதும் என்றேன். தலையாட்டினார். "மங்கு," என்றார். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

என்ன ஊரைச் செய்வது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. செமோரைத் தாண்டி, கம்பிச் சடக்கை ஒட்டியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் நான். கல்யாணத்துக்கு முன் மரம் வெட்டியவள். அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. அந்தச் சடக்கு வழியாக நடந்துதான் இவர் என்னைப் பெண் பார்க்க வந்தார். தோட்டத்தை நினைத்து ஏங்குகிற ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். கொசுக்கடியும் பால் நாற்றமும் யாருக்கு வேண்டும்? அங்கே இப்போது வீடமைப்பு வந்துவிட்டது. வரட்டும். எனக்கு அச்சு அசலாகச் செய்யத் தெரிந்த இடம் அது ஒன்றுதான், அவ்வளவே. இவர் டவுன்காரர். கத்தியைத் தொட்டதில்லை. ரப்பர் மர விஷயத்தில் நான் சொல்வதுதான் சட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஜல்லி. நிஜ ஜல்லியை எவ்வளவு உடைத்தாலும் குட்டி ரயிலுக்கு அது பாறாங்கல்தான். பழைய ஈயலம்பப் பக்கத்திலிருந்து வெள்ளை மணல் எடுத்து வந்தேன். ஈயம் தோண்டி முடித்த இடமெல்லாம் ஈப்போவைச் சுற்றி மணல்தானே கிடக்கிறது. மாவுச் சல்லடையில் சலித்து, வெயிலில் காயப்போட்டு, பசை தடவித் தூவியபோது பளிச்சென்று இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை. இவர் பார்த்தார். பக்கத்தில் இருந்த தேத்தண்ணி கிளாஸை எடுத்தார். அப்படியே மணல்மேல் ஊற்றினார்.

"ஐயோ! கை நடுங்குதுன்னா என்கிட்ட குடுக்கக் கூடாதா?" என்று துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். துடைக்க விடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மணல் கறுத்து, ஈரம் ஊறிக் கிடந்தது. அதைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காய்ந்த பிறகும் பழுப்பாகவே கிடந்த அந்த மணலை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்தது மலை. ஈப்போக்காரி செய்கிற ஊரில் சுண்ணாம்பு மலை இல்லாமலா? சந்தையில் மீன் வைக்கிற வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். எவ்வளவு கழுவியும் வீடு இரண்டு நாள் கெம்போங் மீன் வாசம் அடித்தது. ரொட்டிக் கத்தியால் செதுக்கி, ஓரங்களை மெழுகுவத்தியில் காட்டி உருக்கி, வெள்ளையும் சாம்பலும் கலந்து பூசினேன். நிமிர்ந்து நின்றது மலை. மறுநாள் காலையில் பார்த்தால், மேசையை ஒட்டிய கட்டிலில் படுத்திருந்த இவர் தலையணை ஓரத்தைப் பிரித்து இலவம் பஞ்சை எடுத்து, மலை உச்சியெல்லாம் மூடி வைத்திருக்கிறார்.

"செமோர்ல எங்கங்க பனி பேஞ்சிது? இது என்ன சுவிட்சர்லாந்தா?" என்று பஞ்சைப் பிய்த்தேன். "மங்கு, மங்கு," என்று அவர் இன்னும் கொஞ்சம் பஞ்சு எடுத்தார். தலையணைதான் இளைத்தது.

மரத்துக்குத் துளசி. பூத்து முடிந்து காய்ந்த துளசிக் குச்சி, கிளை பிரிகிற விதத்தில் அப்படியே மரம். அதில் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை நறுக்கி ஒட்டினால் இலை. ரப்பர் மரம் காட்டு மரம் மாதிரி கண்டபடி நிற்காது, வரிசை பிடித்து நிற்கும். நூல் கட்டி வரிசையாக நட்டேன். ஒவ்வொரு மரத்திலும் ஊசியால் வெட்டுக் கோடு கீறினேன், இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. தரையில் தூவ, குடித்துக் காயவைத்த தேத்தூளில் கொஞ்சம் மிளகாய்த்தூள் கலந்தேன். வெயில் காலத்தில் ரப்பர் மரம் இலை உதிர்க்குமே, அப்போது தோட்டம் முழுக்கச் செக்கச்செவேலென்று கிடக்கும். அந்தத் தோட்டத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். ஆசை ஆசையாகத் தூவினேன். ஐந்து நிமிஷத்தில் மொத்தத்தையும் இடது கையால் வழித்துத் தரையில் தள்ளிவிட்டார். மிளகாய்த்தூள் பறந்து இரண்டு பேரும் தும்மிக்கொண்டு நின்றோம்.

அன்றைக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "வேணும்னே செய்றீங்களா? நான் கஷ்டப்பட்டு ஒண்ணு ஒண்ணா செய்றது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். மகள் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று தோன்றியது. தேத்தண்ணியை ஊற்றுகிறார், பஞ்சை வைக்கிறார், இலையைத் தள்ளுகிறார். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் இருக்க முடியும்?

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடு ஒன்றைத்தான் அவர் கலைக்கவில்லை. ஐஸ்கிரீம் குச்சியில் சுவர், பால் டின் தகரத்தை நெளித்துக் கூரை, ஒரு வாசல், இரண்டு படி. நான் பிறந்த வீடு. அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம், மரங்களுக்குப் பின்னால் அவரே வைத்தார். கூரைக்கு வார்னிஷ் வாங்க இரும்புக் கடைக்குப் போனபோது அவரையும் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர். எங்களைப் பல வருஷமாகத் தெரியும். மினுக்காத வார்னிஷ் டப்பாவை நான் எடுத்தேன். பழைய தகரம் எங்கே மினுக்கும்? இவர் எட்டி மினுக்குகிற டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"அது கண்ணாடி மாரி மினுக்கும், அக்கா. பாரு, தண்ணி ஊத்தின மாரி இருக்கும்," என்றார் தவுக்கே.

"இங்க குடுங்க," என்று நான் இவர் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தேன். குரங்குப் பிடி. விடவில்லை. தவுக்கே சிரித்துக்கொண்டே, "அவருக்கு குடு லா. அவரு வூடு," என்றார். என் வீடு என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். இப்படியாக என் லயத்து வீட்டுக் கூரை பளபளவென்று ஆகிவிட்டது.

இன்னொரு தகராறும் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பிளாஸ்டிக் மனிதர்களில் கையில் பெட்டி தூக்கிய ஆள் ஒருவன் உண்டு. பயணிதானே என்று ஸ்டேஷன் மேடையில் ஒட்டாமல் நிற்கவைப்பேன். கொஞ்ச நேரத்தில் அவன் ரப்பர் மரங்களுக்கு நடுவில், சடக்கோரமாக நிற்பான். திரும்பக் கொண்டுபோய் மேடையில் வைப்பேன். திரும்ப மரத்துக்கு நடுவில் நிற்பான். "இந்த ஆளு ரயிலையே தவற விட்டுருவான் போலருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றி மாற்றி வைத்தேன்.

அப்புறம்தான் மல்லி விவகாரம். நான் துணி காயப்போட்டுவிட்டு வந்தால், அடுப்படி முழுக்க மல்லி விதை. ரசத்துக்கு வைத்திருந்த டின் உருண்டு கிடக்கிறது. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, கட்டைவிரலால் விதைகளை அடுப்பு மேடையில் வைத்து நசுக்கிக்கொண்டிருக்கிறார். கீழே விழாமல் அவ்வளவு தூரம் நடந்து வந்ததற்குச் சந்தோஷப்படுவதா, சிதறியதற்குக் கத்துவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். "எப்ப நடந்தீங்க? ஏங்க நடந்தீங்க? விழுந்தா யாரு தூக்குறது? ஐயோ, என் மல்லி!"

அவர் என் கையைப் பிடித்து விரித்தார். உள்ளங்கையில் எதையோ வைத்தார். மல்லி விதையை லேசாக அமுக்கினால் சரிபாதியாகப் பிளக்கும். உள்ளே குழிவாக இருக்கும். அந்தப் பாதி ஓடு என் கையில் வாய் திறந்து உட்கார்ந்திருந்தது. ஒரு சொட்டுப் பால் பிடிக்கிற அளவுக்கு.

"மங்கு," என்றார்.

மங்கு! நிஜமான மங்கு! மரம் வெட்டினவள் நான், வெட்டுக் கோடெல்லாம் கீறினேன், பால் வடிந்து சேர மங்கு வைக்கவில்லையே! மங்கு இல்லாத ரப்பர் மரம் எங்காவது உண்டா? டவுன்காரர் கண்டுபிடித்திருக்கிறார். "அட பாவி மனுசா, இதைத்தானா கேட்டீங்க!" என்று அவர் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். கோணல் வாயால் சிரித்தார்.

மகளுக்கு உடனே போன் போட்டேன். கேட்டுவிட்டு அவள் மெதுவாக, "எப்பவும் அதே சொல்லத்தானேம்மா சொல்றாரு. இன்னிக்கி பொருந்திப் போச்சி. ரொம்ப நம்பிடாதீங்கம்மா, அப்புறம் தாங்க மாட்டீங்க," என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். நல்ல பாதி ஓடுகளாகப் பொறுக்கத் தொடங்கினேன்.

பழைய மின்கம்பியை உரித்தால் உள்ளே மெல்லிய செப்பு இழைகள் இருக்கும். அதை வளைத்து ஒவ்வொரு துளசி மரத்திலும் ஒரு வளையம் கட்டினேன். இடுக்கியால் ஒவ்வொரு மல்லி ஓட்டையும் எடுத்து, வெட்டுக் கோட்டுக்குக் கீழே, வாய் மேலே பார்க்க உட்கார வைத்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் வரிசை முடிந்ததும், "எப்படி இருக்கு?" என்றேன்.

"மங்கு," என்றார். முகம் சுளித்திருந்தது.

"மங்குதாங்க. வச்சிட்டேன்ல?"

"மங்கு. மங்கு!" தலையை வேகமாக ஆட்டினார். வேண்டாம் என்கிற ஆட்டல். குரல் உயர்ந்துகொண்டே போனது. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது அவருக்கு.

கேட்ட மங்கைக் கொடுத்தாயிற்று. இனி என்ன மங்கு? மகள் சொன்னது இதைத்தான். பொருந்திப்போனது ஒரு நாள் கூத்து. உள்ளே யாரும் இல்லை. நான்தான் பொம்மைக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இடுக்கியைக் கீழே வைத்தேன்.

அவர் எடுத்தார். இடது கையில். முதல் மரத்தின் வளையத்திலிருந்து மல்லி ஓட்டைப் பிடித்துத் தூக்கினார். ஒருமுறை நழுவியது. மறுபடி பிடித்தார். அதைத் திருப்பி, வாய் கீழே பார்க்க, அதே வளையத்தின் மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு இரண்டாவது மரம். அதையும் கவிழ்த்தார். மூன்றாவது.

நான் அந்த மூன்று மங்குகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். மங்கை எப்போது கவிழ்ப்போம்? மழை பெய்தால் கவிழ்ப்போம். பட்டை நனைந்துவிட்டால் பால் எடுக்க முடியாது. அன்றைக்கு வெட்டு கிடையாது. மங்கில் தண்ணீர் சேராமல் இருக்க அப்படியே கவிழ்த்து வைத்துவிடுவோம்.

மழை. நான் மேசையைப் பார்த்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கறுத்த ஜல்லி. மலைமேல் இறங்கிய பஞ்சு மேகம். செவ்விலை இல்லாத தரை. தண்ணி ஊற்றினது மாதிரி மினுக்குகிற கூரை. இத்தனை நாளும் இந்த மனிதர் என் கண் முன்னாலேயே மழை பெய்யவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் துணியை வைத்துத் துடைத்துத் துடைத்து வெயில் அடிக்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த மழை எந்த மழை என்பது அப்புறம்தான் உறைத்தது. பெட்டி தூக்கிய ஆள் மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான்.

பெண் பார்க்க இவர் வீட்டார் எல்லாரும் காரில் வந்துவிட்டார்கள். இவருக்கு வேலையில் விடவில்லை. பின்னாலேயே ரயிலைப் பிடித்து, சின்ன ஸ்டேஷனில் இறங்கி, கொட்டுகிற மழையில் கம்பிச் சடக்கோடு நடந்து வந்தார், கையில் ஒரு பலகாரப் பெட்டியோடு. லயத்து வாசலில் சொட்டச் சொட்ட வந்து நின்றார். உள்ளே இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருக்கிறது. நான் காப்பித் தட்டோடு நிற்கிறேன். வணக்கம் சொல்லவில்லை, பெயர் கேட்கவில்லை. இந்த டவுன்காரர் என்னைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் மங்கெல்லாம் கவுந்து கெடக்கு?"

வீடே வெடித்துச் சிரித்தது. எங்கள் அப்பாவுக்குச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மழையில் அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர், மாப்பிள்ளை என்கிற மிடுக்கு இல்லாமல், வழியில் மரத்துக்கு மரம் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாரே என்று இருந்தது. இவரையே கட்டிக்கொள்ளலாம் என்று அந்த நிமிஷத்தில்தான் முடிவு செய்தேன். அந்தக் கேள்வியை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. பிள்ளை, வீடு, சமையல், சண்டை என்று எது எதற்கோ அடியில் போய்விட்டது. இவர் மறக்கவில்லை. எல்லாச் சொல்லும் போன பிறகும் அந்தக் கேள்வியில் ஒரு சொல்லை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"மங்கு?" என்றார் இப்போது, என்னைப் பார்த்து.

அன்றைக்கு நான் சொன்ன பதிலை அப்படியே சொன்னேன். "மழைங்க. இன்னிக்கி வெட்டு இல்ல."

அவர் தோள் அப்படியே தளர்ந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. மீதி மங்குகளை நான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பெட்டி தூக்கிய ஆளை எடுத்தேன். ஸ்டேஷன் மேடைக்குத்தான் கொண்டுபோகப் போகிறேன் என்று நினைத்து அவர் சட்டென்று கையை நீட்டினார். நான் மரங்களைத் தாண்டி, பளபளக்கிற கூரைக்குக் கீழே, லயத்து வீட்டுப் படியில் அவனை நிறுத்தினேன்.

"எவ்வளவு நேரங்க அங்கேயே நின்னு நனைவீங்க?" என்றேன். "உள்ள வாங்க."